சின்னத் தாத்தா கேட்ட பக்கம்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அப்பாவின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, அல்ஜீரியாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்கு விறைப்பாகப் போவார். மற்ற நாட்களில் மில் சங்கு ஊதினால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. அம்மா அவரைச் சுற்றியே பெருக்கிவிட்டுப் போவாள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அவர் ஜாடை அப்படியே எனக்கு என்பார்கள். கோடை விடுமுறையில் வாடகை நூலகத்திலிருந்து ஒரு விஞ்ஞான நாவல் எடுத்துவந்தேன். சின்னத் தாத்தா படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அதனால் அவருக்கு நான் உரக்கப் படித்துக் காட்டினேன். கதையில் ஒரு கிழட்டுச் சிப்பாய் காலயந்திரத்தில் ஏறிப் பின்னால் போய், பட்டாளத்தில் சேரக் கிளம்பும் வாலிபனான தன்னையே மறித்துப் போகாதே என்று கெஞ்சுவான். சின்னத் தாத்தா அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கோ அடுத்த அத்தியாயத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் அவசரம். எரிச்சலாக வரும்.

ஒரு மத்தியானம் அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே சங்கு ஊதியது. அவர் மேசைப் பக்கம் போகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது. தன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“டேய், நாளைக்கி பட்டாளத்துல பேர் குடுக்கப் போவாத.”

விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் பயம் குறையும் என்று தோன்றியது. போகமாட்டேன் என்றேன். சத்தியம் கேட்டார். அவர் தலையில் கைவைத்துச் செய்துகொடுத்தேன்.

சங்கு ஓய்ந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததேயில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. சுவரில் பட்டாள உடுப்போடு தொங்கிய தன் படத்தைக் காட்டி, யார் அது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப அந்தப் புள்ள பொழச்சிருக்கும் இல்ல?”

பிழைத்திருக்கும் என்றேன். கையை விட்டுவிட்டு விசும்பி விசும்பி அழுதார்.

எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் நாவலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். அதில் குழந்தைகளே கிடையாது. அந்தப் பிள்ளை வரும் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.