ஆறடிக்கு மேல் நிற்கக் கூடாது

குவைத்தில் வேலை செய்யும் என் தங்கை அனுப்பிய பெட்டியில் சோப்பு, பால்மா, சட்டைத் துணிகளோடு காற்றடைக்கிற நத்தார் தாத்தா, அதுதான் கிறிஸ்துமஸ் தாத்தா, ஒருவரும் இருந்தார். நாங்கள் சைவ சமயக்காரர்கள். ஆனாலும் அடியிலிருந்த சின்ன மின்விசிறியைப் போட்டதும் அவர் புஸ்ஸென்று எட்டடிக்கு எழும்பி நின்றதைப் பார்த்தபின் திரும்ப மடித்து வைக்க மனம் வரவில்லை. அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் தனி வீட்டின் வாசலிலேயே நிறுத்தினேன்.

எங்கள் மலையில் காற்று சும்மா இருக்காது. ஒரு காலையில் கயிறு அவிழ்ந்து, தாத்தா வேலிக்கு மேலாகச் சாய்ந்து, பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னலில் முகத்தை வைத்துவிட்டார். உள்ளே சாயத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கிளாக்கர் ஐயா. தோட்டத்து ஆபீசில் ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். "யார்ரா அது!" என்று அவர் போட்ட சத்தம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடி விதி போட்டது: காற்றடைத்த எந்த அலங்காரமும் வாசலில் ஆறடிக்கு மேல் நிற்கக் கூடாது. பள்ளிக்கூட டீச்சர் என்பதால் செயலாளர் நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நிற்க' என்ற சொல் வந்ததும் எனக்குள் ஏதோ குறுகுறுத்தது. வாயைத் திறக்காமல் எழுதி முடித்தேன்.

மறுநாள் கிளாக்கர் ஐயா அளவு நாடாவோடு வந்தார். தாத்தா பாயில் மல்லாந்து கிடந்தார், தலைக்குத் தலையணை, வயிற்றுக்கு மேல் கம்பளி.

"என்ன டீச்சர் இது?"

"படுத்திருக்காருங்க ஐயா. நிக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு?"

தரையிலிருந்து வயிறுவரை அளந்தார். நாலடிகூட வரவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் விடுவார்களா? "டீச்சர், தாத்தாவுக்குக் காய்ச்சலா?" என்று ஒருத்தி கொத்தமல்லித் தண்ணி வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி நெற்றியில் திருநீறு பூசினாள். ஐயாவின் மனைவியே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் தினமும் வாசித்து முடித்து வேலிக்கு மேலால் ஐயா நீட்டும் பத்திரிகை அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. நானே போய், "கழட்டிடுறேங்க ஐயா," என்றேன்.

"கழட்ட வேணாம். ஆனா அவரு இப்பிடிக் கெடக்குறதப் பாத்தா ஆசுபத்திரி ஞாபகம் வருது. எந்திரிச்சு நிக்கட்டும்."

அடுத்த கூட்டத்தில் விதி மாறியது: எட்டடி வரை நிற்கலாம், நாலு பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டியதும் ஐயாதான். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, மனைவி காதில் விழாதபடி கேட்டார்:

"டீச்சர், தங்கச்சிகிட்ட கேளுங்களேன். இதுல யானை இருக்குமா?"