லாபு ஸ்டேஷனில் தொந்தியில்லாத கிராணி

திருநாவுக்கரசு கிராணி தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பை அளக்க அந்தத் தோட்டத்தில் கோல் கிடையாது. மலாயாவில், லாபு சடக்கு ரோட்டிலிருந்து மூன்று கட்டை தூரம் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் கிடந்த சின்னத் தோட்டம் அது. ஆபீஸ் என்ற பெயரில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கணக்கும் ஆள் பேரும் எழுதுகிற கிராணி. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். காலைப் பெரட்டுக்கு ஆள்கள் வரிசை கட்டி நிற்கும்போது தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையுமாக வந்து, ஒவ்வொரு பேரையும் ஏதோ அழுகின பழத்தை எடுத்துப் போடுவதுபோல வாசிப்பார்.

ஆள் பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. குள்ளம். முன்வழுக்கை. மூக்குக்கண்ணாடி இல்லையென்றால் எதிரில் வருவது மாடா மனிதனா என்று தெரியாது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வற்றிப்போன காலத்திலும் அவர் தொந்தி மட்டும் வாடவில்லை. ரேஷன் அரிசி அவர் கையைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும், அதனால் அந்தத் தொந்திக்கு விளக்கம் தேவையில்லை. இதற்கெல்லாம் மேலே, அவருக்கு இழுப்பு நோய். கொஞ்சம் ஈரக் காற்று பட்டால் போதும், நெஞ்சு விசில் அடிக்கும். மனைவி செல்லம்மா எண்ணெயைச் சுட வைத்து முதுகில் தேய்த்துவிட வேண்டும். இது வெளியில் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் தொரை நாயை மட்டும் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் காரை விட்டான். கிராணி அன்றைக்கே ஒரு காரியம் செய்தார். தொரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தான் கைகட்டி நிற்கும் படம் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் விரல் நீட்டிக் காட்டிய படம். அதைக் கழற்றி அடுப்பில் போட்டார். அவர் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அதுதான். ஒரு வாரத்துக்குள் இடுப்பு வரைக்கும் குனியப் பழகிக்கொண்டார். தொந்தி இடித்தது, இருந்தாலும் குனிந்தார்.

தொரை விட்டுப்போன பங்களாவுக்கு ஹராதா என்ற ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தான். சொந்த ஊரில் ஏதோ சின்ன ரயில் ஸ்டேஷனில் கொடி ஆட்டிக்கொண்டிருந்தவன் என்று சொன்னார்கள். அவனுக்குப் பங்களாவின் பின்னறையில் ஒரு புதையல் கிடைத்தது. ஓடிப்போன தொரை அந்த அறையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு மேசை போட்டு அதன்மேல் விளையாட்டு ரயில் வைத்திருந்தான். தண்டவாளம், பாலம், ஓடு வேய்ந்த ஸ்டேஷன், சாவி கொடுத்தால் வட்டம் போடும் எஞ்சின், பின்னால் கதவு வைத்த பெட்டிகள். பிளாட்பாரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஈய மனிதர்கள்: குடை பிடித்த வெள்ளைக்காரி, பெட்டி தூக்குகிறவன், சுருட்டுப் பிடிக்கிற கிழவன். நாடு சோற்றுக்குச் செத்துக்கொண்டிருக்க, ஹராதாவுக்கு அந்த வெள்ளைக்காரியைப் பார்த்து ஆத்திரம் வந்தது. அத்தனை பேரையும் பிடுங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினான். கிராணியைக் கூப்பிட்டு அனுப்பினான்.

அவனுக்கு மலாய் அரைகுறை, கிராணிக்கு முக்கால். அதில்தான் பேச்சு. "இது இனிமேல் லாபு ஸ்டேஷன். இங்கே இருக்கிற ஆள்கள்தான் பொம்மையாக இதில் நிற்க வேண்டும். மாச்சாம் பெத்துல். உண்மை மாதிரி. நீ பொறுக்கிக் கொண்டு வா."

அந்த நேரத்தில் சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்கிற பேச்சு தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தது. லாரி வரும், ஏற்றும், போகும். போனவன் பற்றித் தகவல் கிடையாது. கிராணிக்கு ராத்திரி இழுப்பு கூடியதற்கு ஈரக் காற்று மட்டும் காரணமில்லை. இப்போது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. புதுத் தொரை ஹராதாவின் சொந்த மேசைமேல், பிளாட்பாரத்தில் முதல் ஆளாக நிற்கிறவனை எவன் லாரியில் ஏற்றுவான்? பொம்மை அங்கே இருக்கிற வரைக்கும் தனக்கு இங்கே இடம் உண்டு. இப்படி ஒரு கணக்குப் போட்டு மனம் குளிர்ந்துபோனார்.

சன்னாசி என்ற பால்வெட்டு ஆள் பிள்ளைகளுக்குக் கட்டையில் மாடும் வண்டியும் செதுக்கிக் கொடுப்பான். பெரிய கலைஞன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் செதுக்கிய மாட்டை நாய் என்று சொன்னவர்களும் உண்டு. வேறு ஆள் இல்லை, அதனால் கிராணி அவனைப் பிடித்தார். மெத்தென்ற பூலாய்க் கட்டை, தேய்ந்துபோன பால்வெட்டு உளி, மரத்துக்கு நம்பர் போடும் வெள்ளைப் பெயின்ட், அடுப்புக் கரி, காலை ஒட்ட ரப்பர் பால். சாமான் இவ்வளவுதான். கூலியாகக் கொஞ்சம் அரிசி தருவதாகப் பேச்சு.

முதல் தடவை கிராணி போட்ட உத்தரவு ஒன்றே ஒன்று. "நான் எல்லாரையும்விட ஒரு தலை ஒசரமா இருக்கணும்டா."

"ஐயா, நீங்க எங்களைவிடக் கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

பெரட்டில் முன்னால் நிற்கிறவர் பொம்மையிலும் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்பதில் கிராணிக்குச் சந்தேகமே வரவில்லை. பதவி பெரிதானால் உருவமும் பெரிதாகத்தானே இருக்க வேண்டும். சன்னாசியும் அப்படியே செதுக்கினான். ஹராதா பொம்மைகளை வரிசையாக வைத்துப் பார்த்தான். ஸ்டேஷன் கதவுக்குப் பக்கத்தில் கிராணி பொம்மையை நிறுத்தினான், தலை கூரையில் இடித்தது. ரயில் பெட்டியின் கதவுக்கு நேரே கொண்டுபோனான், தோள்தான் நுழைந்தது. முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டான்: "இந்த ஆள் ரயிலில் எப்படி ஏறுவான்?" எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினான். ஒரே அளவு, கட்டைவிரல் அளவு, பெட்டிக் கதவுக்குள் நுழைய வேண்டும்.

தன்னை உயர்த்திக்கொள்ள வழி அடைபட்டதும், கிராணி மற்றவர்களைத் தாழ்த்துகிற வழியைப் பிடித்துக்கொண்டார். அந்த வித்தையில் அவருக்குப் பழக்கம் உண்டு. ஆபீஸ் மேசையில் அரைகுறைப் பொம்மைகளைப் பரப்பிவைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நேராக நின்றது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது யாரு?"

"ஸ்டோர் மணியங்க ஐயா."

"இவ்வளவு நிமிந்தா நிக்கிறான் அவன்? கூன் போடு. ஒரு கண்ணைப் பூ விழுந்த மாதிரி வெள்ளையா அடி."

"மணியத்துக்குக் கண்ணு நல்லாத்தானே ஐயா இருக்கு."

"எனக்கு அவன் கண்ணைப் பத்திச் சொல்லாத. அடுத்தது?"

"நாந்தாங்க."

"உனக்குக் கால்ல புண்ணு. துணி சுத்தியிருக்கணும். தடி ஊணி நில்லு."

சன்னாசி தன் கால்களைக் குனிந்து பார்த்தான். இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. "நான் நல்லாத்தானே ஐயா நிக்கிறேன்."

"கூலிக்காரன்னா எப்படி இருப்பான்னு தொரைக்குத் தெரிய வேணாமா? அதுதான்டா பெத்துல். சொன்னதைச் செய் லா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுகிற ராமகிருஷ்ணன், பிளாட்பாரத் தரையில் குந்தியிருக்கிற இன்னொருவன் என்று வரிசை நீண்டது. ஆஸ்பத்திரி வாசல்கூட அத்தனை சோகமாக இருந்திருக்காது. கடைசியில் தன் முறை வந்ததும் கிராணியின் குரல் குழைந்தது. நெஞ்சு அகலம் வேண்டும். தலை நிறையக் கரி பூசி முடி வேண்டும். கண்ணாடி வேண்டாம். தொந்தியை உளியால் அவரே காட்டிக் காட்டிச் சீவச் சொன்னார். உத்தியோகத்தில் சேர்ந்த வயதுக்குப் போய்விட்ட கிராணி உள்ளங்கையில் விறைப்பாக நின்றார்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லம்மாவிடம் நீட்டினார். அவள் விளக்குப் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நாந்தான்."

"உங்க வயிறு எங்க?"

அவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எண்ணெய் தேய்க்க வந்தவளிடம் முதுகைக்கூடக் காட்டவில்லை.

ஹராதாவுக்கு இந்தத் தடவை முழுத் திருப்தி. ரயில் வந்து நிற்கும், அவன் பெட்டிக் கதவைத் திறந்து மூடுவான். பிளாட்பாரத்தில் ஒரு வீரனும் அவனைச் சுற்றி நோயாளிகளும். இவர்கள் எல்லாரும் இப்படித்தானா என்று ஒருமுறை கேட்டான். "பெத்துல், துவான். எல்லாம் சாக்கிட், சீக்காளிகள். நான் ஒருவன்தான் இந்தத் தோட்டத்தைத் தாங்குகிறேன்" என்று கிராணி நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். நெஞ்சு லேசாக விசில் அடித்தது. ஹராதா எஞ்சின் சத்தம் என்று நினைத்திருப்பான்.

நாற்பத்து மூன்றில் அந்தத் தோட்டத்துக்கும் உத்தரவு வந்தது. லயத்து இளவட்டங்களை ஹராதாவின் சிப்பாய்களே பெரட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மரப் பொம்மை ஒரு தோட்டத்தையே காப்பாற்றியது என்று சொன்னால் அது பொய். அப்படியும் உத்தரவுக் கணக்குக்கு இன்னும் ஒரு ஆள் குறைந்தது. கிராணியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, பேர் சொல்லச் சொன்னான் ஹராதா. கிராணி யோசிக்கவே இல்லை. "சன்னாசி, மணியம், ராமகிருஷ்ணன்" என்றார். புண்ணைப் போடச் சொன்னபோது எதிர்த்துப் பேசினவன் முதலில் வந்தான்.

ஹராதா எழுந்து கிராணியோடு பின்னறைக்குப் போனான். பிளாட்பாரத்திலிருந்து சன்னாசியை எடுத்தான், துணி சுற்றிய காலைக் காட்டினான். "சாக்கிட்." மணியத்தை எடுத்தான், வெள்ளைக் கண்ணைக் காட்டினான். "சாக்கிட்." ராமகிருஷ்ணன் இருமிக்கொண்டே வந்து போனான். இப்படிப்பட்ட ஆள்களை அனுப்பினால் மேலே இருக்கிறவர்கள் தன் கன்னத்தில் அறைவார்கள் என்றான். பிறகு கிராணி பொம்மையைப் பிடுங்கி எடுத்தான். பாதத்தில் ஒட்டியிருந்த ரப்பர் பால் இழுபட்டு அறுந்தது.

"குவாட்" என்றான். பலசாலி.

கிராணிக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு இறுகி, சட்டைக்குள் தொந்தி ஏறி இறங்கியது. "துவான், சாயா சாக்கிட், நான் சீக்காளி. எனக்கு இழுப்பு. எனக்கு வயசாச்சு" என்று ஆரம்பித்தார்.

ஹராதா பொம்மையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். "நீதான் பொறுக்கினாய். உண்மை மாதிரி என்று நீதான் சொன்னாய். இது பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை. இது நான் இல்லை, நான் வழுக்கைத் தலையன், தொந்திக்காரன், மூச்சு விட முடியாதவன் என்று சொன்னால் போதும். அறை விழுந்திருக்கும். பல் போயிருக்கும். ஆள் தப்பியிருப்பார். வாசலில் தேநீர் வைத்துவிட்டு நின்ற சமையல்காரன் பிறகு சொன்னது இது: கிராணி வெகுநேரம் பொம்மையைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, "பெத்துல், துவான்" என்றார்.

லாரி ஏறும்போது தொப்பி போட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார், அதனால் படியில் தடுக்கி விழப்போனார். லயத்தில் ஒருத்தருக்கும் கண்ணீர் வரவில்லை. சன்னாசி அன்றைக்கே காலில் துணியைச் சுற்றிக்கொண்டான். ஜப்பான்காரன் தோட்டத்தை விட்டுப் போகிற வரைக்கும் தடி ஊன்றித்தான் நடந்தான். மணியம் ஒரு கண்ணை மூடியே பழகிவிட்டான்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பிய சிலரில் ஒருவன் செல்லம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். முதல் மழையிலேயே இழுப்பு முற்றிவிட்டதாம். கடைசி வரைக்கும் தன்னைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடச் சொன்னாராம்.

படையல் போட வேண்டும். உடம்பு இல்லை, இருந்த ஒரு போட்டோவையும் அவரே அடுப்பில் போட்டுவிட்டார். காலியாகக் கிடந்த பங்களாவுக்குள் போய், தூசு பிடித்த மேசையில் தேடி, அந்தப் பொம்மையை எடுத்து வந்தாள். நடுவீட்டில் வைத்து இலையைப் போட்டாள். போட்ட இலையை மடித்து வைத்துவிட்டு, பொம்மையை முந்தானையில் சுற்றிக்கொண்டு சன்னாசியின் லயத்துக்கு வந்து நின்றாள். அந்த வீட்டம்மா லயத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"இது யாரோ ஆம்பளை. இவனுக்கு நான் எப்படிப் படைக்கிறது?" என்றாள். "வயித்தைப் போட்டுக் குடு சன்னாசி. முன்னால முடி வேணாம். கண்ணாடியை மறந்துறாத."

கிராணி தருவதாகச் சொன்ன அரிசியே இன்னும் வரவில்லை என்பது சன்னாசியின் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். சீவின தொந்தியை ஒட்ட முடியாது. புதுக் கட்டை எடுத்து உட்கார்ந்தான். தான் சேர்க்கவும் குறைக்கவும் ஒன்றுமில்லாமல், பெரட்டில் பார்த்த ஆளை அப்படியே செதுக்கினான். மாட்டை நாயாக்குகிற அந்தக் கைக்கு அன்றைக்கு எப்படியோ உருவம் அமைந்தது. குள்ளம், வழுக்கை, கண்ணாடி, கால்சட்டைக்கு மேலே பிதுங்குகிற வயிறு. அந்த மனுசன்மேல் அவனுக்கு இருந்த கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் கண் கலங்கியது. அது அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

செல்லம்மா வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த வயிற்றைத் தடவினாள். செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"இவரை நிக்க வெச்சிருந்தா" என்றாள், "விட்டுட்டுப் போயிருப்பானுங்க."