திருவிருந்துக்கு எழாத லிஃப்ட்காரர்

எங்கள் சபையில் வேதத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் உண்டு. அதைச் செய்து பார்க்கிறவர் ஒருவர்தான். இரண்டு ஆண்டுகளாக, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். புதிதாக வருகிறவர்கள் அவரை ஓரக்கண்ணால் பார்த்து, என்ன பாவமோ, எவ்வளவு பெரிசோ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஐம்பது வயது, முன்கோபி, பாடத் தெரியாது, ஆனாலும் பாடுவார். காலையில் ஓர் அதிகாரம் வாசிப்பார். அதில் செய்யச் சொல்லியிருக்கும் ஒன்றையாவது பொழுது சாய்வதற்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. உண்மையே பேச வேண்டும் என்று வாசித்த நாளில் ஒரு வாடிக்கையாளர், "மூணு மணிக்கு வந்துடுவீங்களா?" என்று போனில் கேட்டார்.

"வர மாட்டேன். நாலரைக்கு வருவேன். அதுவும் சந்தேகந்தான்."

கம்பெனிக்குப் புகார் போயிற்று. அவர் சரியாக நாலரைக்குப் போய் நின்றதை யாரும் எழுதவில்லை. அந்நியரை உபசரிப்பது பற்றி வாசித்த நாளில் பஸ் நிறுத்தத்திலிருந்து ஆறு பேரைச் சாப்பிட அழைத்து வந்துவிட்டார். மனைவி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, "இனிமே நாளைக்கு என்ன அதிகாரம்னு ராத்திரியே எங்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

இப்படிப்பட்டவர் திருவிருந்தை விட்டு விலகியதற்குக் காரணம் ஓர் எஃகுக் கயிறு.

மனைவியின் தம்பி ஓர் ஆறு மாடிக் குடியிருப்பில் மேற்பார்வையாளர். அங்கே மாதாந்திரச் சோதனைக்குப் போன லிஃப்ட்காரர், லிஃப்டைத் தாங்கும் கயிற்றில் சில இழைகள் அறுந்திருப்பதைக் கண்டார். லிஃப்டை நிறுத்திச் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். கயிறு வந்துசேர ஒன்பது நாள் ஆகும். ஐந்தாம் மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மைத்துனரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டு, "இன்னும் ஒரு மாசம் ஓடும், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதுவரை எல்லாம் சரி. அங்கே நிறுத்தியிருக்கலாம். "இவருக்கு நட்டு எது, போல்ட்டு எதுன்னு தெரியாது. இவரை நம்பி ஏறாதீங்க" என்று படிக்கட்டு நிறைய நின்றவர்களிடம் அறிவித்தார் நம்மவர். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து மைத்துனரின் பெயர் 'நட்டு சார்' ஆயிற்று.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால், யாருக்காவது உங்கள்மேல் மனக்குறை இருந்தால் முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் சொல்வது வழக்கம். நாங்கள் அதைத் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரமாக வைத்திருந்தோம். அந்த மாதம் லிஃப்ட்காரர் அதைக் காதில் வாங்கிவிட்டார், உட்கார்ந்துவிட்டார். வலிக்க வேண்டிய மைத்துனரோ வழக்கம்போல வரிசையில் மூன்றாவதாகப் போய் முழங்காலிட்டார்.

போதகர் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார். "உங்க மேல தப்பே இல்லையே. கயிறு அறுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? வாங்க, சேருங்க."

"யாரு சரின்னு அதுல கேக்கலையே ஐயா. யாருக்கு எம்மேல குறைன்னுதானே கேக்குது?"

இருபது ஆண்டுகளாக அதைப் பிரசங்கித்துவந்த போதகர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சமாதானம் பேசப் போகாமலும் இல்லை. அன்று மாலையே போனார். இரண்டு ஆண்டில் பதினொரு முறை போனார். ஒவ்வொரு முறையும் அறுந்த இழையில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார் என்பதுதான் சிக்கல். "மன்னிச்சுக்க மச்சான்" என்று ஆரம்பித்து, "இதைப் பாரு" என்று துண்டை நீட்டுவார். பதினொரு முறையும் கதவு சாத்தப்பட்டது.

இதற்கிடையில் மகள் திடப்படுத்தல் வகுப்பை முடித்தாள். அதை முடித்து முதன்முதலாகத் திருவிருந்தில் சேரும் பிள்ளை, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் முழங்காலிடுவது எங்கள் சபை வழக்கம். "நீ வருவியாப்பா?" என்று அவள் கேட்டபோது, உண்மை பேசும் அந்த மனிதர் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் எழுந்துபோனார்.

சனிக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மனைவி கையை நீட்டினார்.

"பையில இருக்கறத எடுங்க."

"உண்மைதானே இது?"

"சமாதானம் பேசப் போறீங்களா, கேஸ் நடத்தப் போறீங்களா? கயிறு அறுந்துச்சு, மாத்தியாச்சு. நீங்க சொன்ன வார்த்தைய யாரு மாத்தறது?"

வெறும் பையோடு போனார். மைத்துனர் கீழ்த்தள அறையில் தண்ணீர்த் தொட்டிச் சாவிகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், கம்பி எங்க? துருப்பிடிச்சிடுச்சா?"

"கொண்டு வரல. எல்லார் முன்னாடியும் உன்னைய அப்படிச் சொன்னது தப்பு. கோவத்துல வாய் தவறி வந்ததுன்னுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் சிரிக்கணும்னே சொன்னேன். மன்னிச்சுக்க."

மைத்துனர் நான்கு சாவிகளுக்கு அட்டை கட்டி முடித்தார்.

"சரி. இன்னும் ஒரு மாசம் அது ஓடியிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட விட்டுடலாம்."

ஒரே வார்த்தை. கயிறு பழைய இரும்போடு போய் இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. இனி அதை யாரும் சோதிக்கப் போவதில்லை. மறுநாள் மகள் பக்கத்தில் இடம் காத்திருந்தது. லிஃப்ட்காரரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

"ஓடியிருக்காது மச்சான்."

"அப்ப போய்ட்டு வாங்க."

வாசலுக்குப் போகாமல் அவர் ஐந்தாம் மாடிக்குப் போனார். அங்கே நான்கு வீட்டுக் கதவையும் தட்டி, "அன்னிக்கு உங்க சூப்பர்வைசரைப்பத்தி நான் பேசுனது பொய். அவருக்கு வேலை தெரியும். இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்றார். ஓர் அம்மா பயந்துபோய், "அப்ப லிஃப்ட்டு?" என்றார்.

"லிஃப்ட்டு நல்லாருக்கும்மா. இது வேற."

ஞாயிறன்று போதகர் வழக்கமான அந்த எச்சரிக்கையைச் சொன்னார். வரிசைகள் எழுந்தன. மகளும் மனைவியும் முன்னால் போய், மகளின் மறுபக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். லிஃப்ட்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மைத்துனரும் எழவில்லை. அவர் எழாததை நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள்.

மைத்துனர் எழுந்தார், முன்னால் போகாமல் பின்னால் வந்தார்.

"எழுந்திரிங்க அத்தான். பொண்ணு நிக்குது."

"உனக்குத்தான் இன்னும் குறை இருக்கே."

"இருக்கு. அது அந்தக் கயித்து மேல. உங்க மேல இல்ல. நேத்து நாலு வீட்லயும் என்ன சொன்னீங்கன்னு கேட்டுட்டேன்."

கயிற்றின்மேல் இருக்கும் குறை தன்மேல் இருக்கும் குறை ஆகாது என்று முடிவுசெய்து எழ லிஃப்ட்காரருக்குச் சற்று நேரம் பிடித்தது. போதகர் அப்பத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.