எடுத்தார்கள், பேசவில்லை

சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் அந்த மையத்தில் அவளுக்கு வாசலக்கா என்று பெயர். வாசலில் உட்கார்ந்திருப்பதால் அல்ல. மூன்று வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும் அவளைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது என்பதால். பேச்சு வராத பிள்ளை, நடக்கத் தாமதிக்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று பெற்றவர்கள் முதலில் போன் செய்வது இவள் மேசைக்குத்தான். விவரம் கேட்டு எழுதி, நாள் குறித்து வரச்சொல்லி, படிவம் நிரப்பிப் பயிற்சியாளர்களிடம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பேசியதா நடந்ததா என்பது யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. பதினான்கு வருடமாக இதே வேலை, இதே நாற்காலி. நாற்காலியின் சக்கரம்கூட மாறவில்லை, அவள் முதுகுதான் மாறியிருக்கிறது.

படிவத்தில் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: ஆம், சில நேரம், இன்னும் இல்லை. மொட்டையாக 'இல்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. அந்த 'இன்னும்' என்பதை எந்தப் புண்ணியவான் சேர்த்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள். இந்த வியாதி வீட்டுக்கும் பரவிவிட்டது. "காபி குடிச்சாச்சா?" என்றால் பஸ் ஓட்டும் கணவர் "இன்னும் இல்லை" என்பார். "ஒழுங்கா படிக்கிறியா?" என்றால் மகளிடமிருந்து "சில நேரம்" என்று பதில் வரும்.

கேள்வியை அப்படியே வாசித்தால் உண்மை வராது என்பது அவள் அனுபவம். "விரல் நீட்டிக் காட்டுவானா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் "அதெல்லாம் செய்வான்" என்பாள். பெற்ற வயிறு விட்டுக்கொடுக்குமா? அதனால் வாசலக்கா, "தண்ணி வேணும்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். "அழுவான், நானா புரிஞ்சுக்கிட்டு கொடுப்பேன்" என்று பதில் வரும். பேனா தானாக மூன்றாவது கட்டத்துக்குப் போகும். இப்படி ஊரார் வாயிலிருந்தெல்லாம் உண்மையை வரவழைக்கத் தெரிந்தவள்தான், ஒரு பையன் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

பையனின் அம்மா போன் செய்த அன்று மேலாளருக்குப் பல்வலி. தினம் பத்தரைக்கு நடக்கும் கூட்டம் நடக்கவில்லை. அதனால்தான் பத்து நாற்பதுக்கு மணி அடித்தபோது வாசலக்கா மேசையில் இருந்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம். அதை மீறி ஒரு பெண் தணிந்த குரலில் பேசினாள். "இன்னும் ஒரு வார்த்தைகூட வரலைங்க. யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டேங்கறான்." பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் எழுதுவதற்குள் அந்தப் பக்கம் யாரோ அதட்ட, போன் வைக்கப்பட்டுவிட்டது. பையனுக்கு மூன்று வயது நிறைய ஏழு வாரம் இருந்தது. மூன்று முடிந்துவிட்டால் இந்த மையத்தில் சேர்க்க முடியாது.

சந்திப்புக்கு நாள் கொடுக்க வாசலக்கா திரும்ப அழைத்தாள். இரண்டு நாள் காலை ஒன்பதேகாலுக்கு அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினாள், பதில் இல்லை. பிறகு மூன்று நாள் மாலை ஐந்தரைக்கு, கிளம்பும் முன். மூன்று தடவையும் எடுத்தார்கள். இவள் "ஹலோ, மையத்திலிருந்து பேசறேன்" என்றதும் வைத்துவிட்டார்கள். மூன்று முறை எடுத்து வைத்தால் குடும்பத்துக்கு விருப்பமில்லை என்று பொருள் என்பது மையத்தின் விதி. வெள்ளி மாலையோடு ஃபைலை மூடிவிட வேண்டும். திரும்ப வந்தால் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும், வரிசையோ பத்து வாரம் நீளம். புதன்கிழமை அவள் தன் கையாலேயே எழுதினாள்: 'எடுத்தார்கள், பேசவில்லை. குடும்பத்துக்கு விருப்பமில்லை.'

எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. விருப்பமில்லாதவள் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டாள். வியாழன் மாலை, பையைத் தோளில் மாட்டிய பிறகு, நின்றபடியே இன்னொரு தடவை அழைத்தாள். உடனே எடுக்கப்பட்டது. இந்தத் தடவை இவள் பேசவில்லை. காதில் மூச்சு கேட்டது. ஈரமான, அவசரமான மூச்சு, வாயைப் போனில் ஒட்டவைத்து விடும் மூச்சு. பெரியவர்கள் யாரும் போனை அப்படிப் பிடிப்பதில்லை. மூன்று நாளாக இவள் குடும்பத்தின் பதில் என்று எழுதி வைத்தது அந்தப் பையனின் விரலைத்தான்.

"கூ" என்றாள் மெதுவாக.

மூச்சு நின்றது. பிறகு ஒரு சின்னக் கிளுகிளுப்பு. டப்பென்று போன் துண்டிக்கப்பட்டது.

மறுபடி அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். "கூ." சிரிப்பு. துண்டிப்பு. மறுபடி. அம்மாவிடம் கொடுத்துவிடுவான் என்ற நப்பாசையில் தொடங்கியது, நான்காவது தடவைக்குப் பிறகு அவளுக்கே விளையாட்டாகிவிட்டது. ஏழாவது தடவை அழைத்தபோது போன் அணைந்திருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அக்கா, "யாருகிட்ட இப்படிக் குயில் மாதிரி கூவறீங்க?" என்றாள். "ஒரு பெரிய மனுஷன்கிட்ட" என்றாள் வாசலக்கா. பஸ்ஸைத் தவறவிட்டது பெரிதாகத் தெரியவில்லை. தன் கையால் எழுதிய வரிதான் வீடு வரை கூடவே வந்தது.

மறுநாள் காலை பதிவேட்டை முதலிலிருந்து புரட்டியபோது 'பத்து நாற்பது' என்பது கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்குப் போன் கையில் இருக்கும் நேரம் அதுதான். கூட்டத்தின் நடுவே வாசலக்கா எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? முடியட்டுமே" என்றார் மேலாளர்.

"பத்து நாற்பதுக்கு ஒரு போன் பண்ணணும் சார். நம்ம கூட்டம் எப்ப நேரத்துக்கு முடிஞ்சிருக்கு?"

நாலு பேர் குனிந்து சிரித்தார்கள். மேலாளர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண் எடுத்தாள். லாண்டரியில் இஸ்திரி போடும் வேலை. உள்ளே நுழையும்போதே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், டீ குடிக்கும் கால் மணி நேரம்தான் கையில் கிடைக்கும். "நான் ரெண்டு தடவை கூப்பிட்டேங்க. உங்க பக்கம் மணி அடிச்சுட்டே இருந்துச்சு. வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அந்த இரண்டு தடவையும் மையத்தில் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். மாலையில் சமைக்கும்போது மணியை நிறுத்தி, வீடியோ பார்க்கச் சொல்லிப் போனைப் பையனிடம் கொடுத்துவிடுவாளாம். குறுஞ்செய்தி எந்த விரலில் அழிந்ததோ. "தப்பு எங்க மேலதாங்க" என்றாள் வாசலக்கா. புதன்கிழமை எழுதிய வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அம்மாவும் பையனும் வந்தார்கள். பையன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அம்மா பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேனா மூன்றாவது கட்டத்திலேயே இறங்கிக்கொண்டு வந்தது. முப்பத்தொன்றாவது கேள்வி: இன்னொருவரோடு மாறி மாறி விளையாடுவானா?

அம்மா தலை குனிந்தாள். "பந்தை உருட்டிவிட்டா பந்தையே பாத்துட்டிருப்பான். திருப்பி உருட்ட மாட்டான். இல்லைன்னு போட்டுக்குங்க."

"இல்லைன்னு ஒரு கட்டமே இதுல கிடையாதுங்க" என்றாள் வாசலக்கா. "என்கூட விளையாடினான். வியாழக்கிழமை, ஆறு தடவை." கூ என்றதையும் அவன் வைத்ததையும் மறுபடி எடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் தரையில் இருந்த பையனைப் பார்த்தாள். பிறகு, "சிரிச்சானா?" என்றாள்.

"சிரிச்சான்."

"நான் சமையல்ல இருந்திருப்பேன். எனக்குக் கேக்கவே இல்லையே."

வாசலக்கா அவள் போனை வாங்கிப் பையன் பக்கத்தில் தரையில் வைத்தாள். மேசைப் போனிலிருந்து அழைத்தாள். வெளிச்சம் வந்ததும் பையன் செருப்பை விட்டான். எடுத்தான். "கூ." சிரித்தான், வைத்தான். வைத்துவிட்டுத் தலையைத் தூக்கி, சத்தம் வந்த மேசையைப் பார்த்தான். அடுத்தது எப்போது என்று கேட்கிற பார்வை அது. வாசலக்கா 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள். அன்று அந்தப் படிவத்தில் விழுந்த முதல் ஆம்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். "நான் கூப்பிடட்டுமா?" என்று கேட்டு ரிசீவரைக் கையில் வாங்கிக்கொண்டாள். அந்த எண்ணுக்கு யார் யாரோ போன் செய்திருக்கிறார்கள். அவள் மட்டும் செய்ததில்லை, அது அவளுடைய எண். ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். பையன் எடுத்துக் காதுக்குப் பதில் வாயில் வைத்துக்கொண்டான். அவள் ரிசீவரில் மெதுவாக, "அம்மாடா" என்றாள்.

பையன் போனையே பார்த்தான். பிறகு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை அவன் வைக்கவில்லை.