பிரேக்கக்காவின் கண்மூடிப் பாடம்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண்ணுக்குப் பிரேக்கக்கா என்ற பெயர் அவள் காலால் வந்தது. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் எதிரே லாரியைப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைக் கைவிட்டால், அதை மிதித்து இருவரையும் வீடுபோய்ச் சேர்க்க வேண்டியது அவள் பொறுப்பு.

அவளிடம் இரண்டு விதமான தலைவலி இருந்தது. ஒன்று, நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டிய நாளில் வருவது. புருஷன் தனியாகக் கிளம்பித் தெருமுனை தாண்டியதும் அது போய்விடும். இன்னொன்று நிஜம். கண்ணோரத்தில் ரம்பப் பல்லைப் போல ஒரு வெளிச்சக் கோடு மின்னத் தொடங்கும். அது விரிந்து விரிந்து பாதிப் பார்வையை விழுங்கும். அது அடங்கியதும் மண்டையின் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால்கூட அந்த வீட்டையே இடித்துவிடலாம் போலிருக்கும்.

முதல் வகையைத் தாராளமாகச் செலவழித்துவிட்டதால், இரண்டாவது வந்தபோது வீட்டில் நம்ப ஆள் இல்லை. "இன்னிக்கு அக்கா வீட்டுக்குக்கூடப் போகலியே, அப்புறம் எதுக்கு?" என்று புருஷன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

வேலையிடத்தில் சொல்லவும் பயம். கண் மறைக்கிறது என்று தெரிந்தால் எந்த முதலாளி காரில் உட்காரவைப்பார்? ஆகவே அன்று வகுப்பின் நடுவே ரம்பக் கோடு தெரிந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேங்க் மேனேஜர்.

"ஓரமா நிறுத்துங்க சார். இன்ஜினை அணைங்க."

அவருக்கு வியர்த்துவிட்டது. "என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதான் இன்னிக்குப் பாடம். கண்ணை மூடிக்குங்க. பேசக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்."

பல நாளாகத் தூங்காத மேனேஜர் சற்று நேரத்தில் குறட்டை விட்டார். அவள் ஜன்னலில் தலை சாய்த்து, மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். அந்த மாதமே லைசென்ஸ் வாங்கிய மேனேஜர், எல்லாம் அந்தக் கண்மூடிப் பாடத்தின் மகிமை என்று பேங்க் முழுக்கச் சொல்லிவைத்தார். கூட்டம் சேர்ந்தது. முதலாளி பூரித்துப்போய் வாசல் போர்டில் 'மன அமைதிப் பயிற்சி உண்டு' என்று எழுதிப்போட்டார். அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் தலைவலி அடிக்கடி வர ஆரம்பித்தது. சாப்பாடு தள்ளிப்போனால் வந்தது. மாணவர் யாராவது சென்ட்டில் குளித்துவிட்டு வந்தால் வந்தது. வாரம் முழுக்க விடியலில் எழுந்து, லீவு நாளில் உச்சி வெயில்வரை தூங்கினால் அதற்கும் வந்தது. வரும் முன்பே இருக்கட்டும் என்று ஒரு மாத்திரை, வந்த பின் ஒன்று, போனதை உறுதிசெய்ய ஒன்று. கைப்பையில் மாத்திரை அட்டைகள் மிட்டாய் போல் கிடந்தன.

அவற்றை விற்றுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரம்மாவே ஒரு நாள் கார் ஓட்டப் படிக்க வந்தாள். கிளட்சைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கார் தவளை மாதிரி தாவிக்கொண்டு போனது. அன்று பிரேக்கக்கா ஓயாமல் கொட்டாவி விட்டாள், கழுத்தைப் பிசைந்தாள், காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் ரம்பக் கோடு தெரிந்ததும், "ஓரமா நிறுத்துங்க. கண்ணை மூடுங்க," என்றாள்.

மருந்துக்கடையம்மா நிறுத்தினாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

"அந்த மாத்திரையை நான்தானே உங்களுக்கு வித்தேன். வாரத்துல எத்தனை நாள் போடறீங்க?"

"போடாத நாளைக் கேளுங்க, சொல்றேன்."

"அப்போ இப்ப வர்றதுல பாதித் தலைவலி மாத்திரையால வர்றது. வலி மாத்திரையை அளவு மீறிப் போட்டா அதுவே வலியை இழுத்துட்டு வரும். இதைச் சொன்னா என் வியாபாரம்தான் படுக்கும், இருந்தாலும் சொல்றேன். நீங்க கொட்டாவி விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுது, வரப்போகுதுன்னு. மைக்ரேன் சில பேருக்கு அப்படித்தான் முன்கூட்டியே சொல்லிட்டு வரும். டாக்டர்கிட்ட போங்க."

கண் மறைத்திருந்ததால் பிரேக்கக்கா அந்தக் காரில் இனிப் போகத் தயாரில்லை. அதுவும் இந்தம்மா கையில். முதலாளியை போனில் கூப்பிட்டார்கள். அவர் வந்து, நடைபாதையில் நின்றபடியே விஷயம் முழுவதையும் கேட்டார்.

"அப்போ போர்டுல எழுதினது?"

"அது என் தலைவலிதான் சார்."

வேலை போயிற்று என்று அவள் நினைத்தாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. மறைச்சுக்கிட்டு ஓட்டுனா நாளைக்கு யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். பிறகு, "போர்டை அழிக்க வேணாம், கேட்டு நிறைய பேர் வர்றாங்க," என்றார்.

டாக்டர் கை காலைத் தட்டிப் பார்த்தார். பேச்சுக் குழறியதுண்டா, கை மரத்துப்போனதுண்டா என்று துருவினார். பழைய மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். தடுப்புக்கு வேறொரு மருந்து, வலி தொடங்கியதுமே போட ஒன்று. அதுவும் வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. சாப்பாடும் தூக்கமும் லீவு நாளிலும் நேரம் மாறக் கூடாது. முதலில் வலி கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்றார்.

கூடியது. திரை இழுத்த அறையில் அவள் சுருண்டு கிடந்த அந்த நாட்களில்தான் புருஷனுக்கு உறைத்தது. பாத்திரங்களைக் குழந்தையைத் தூக்குவது போல் எடுத்துவைத்தான். போனில் அவன் கிசுகிசுத்தது மட்டும் தெருவுக்கே கேட்டது: "அக்கா, இது நிஜத் தலைவலி. உன் வீட்டுக்கு வராம இருக்கறதுக்கு வந்ததுதான் பொய்."

நாத்தனார் கோபப்படவில்லை; அதைவிட மோசமாக அன்பு காட்டினாள். இப்போதெல்லாம் அவள் வீட்டில் பளிச் விளக்கு எரியாது; ஊதுபத்தி கிடையாது; சாப்பாடு டாண் என்று நேரத்துக்கு வரும். தப்பிக்க வழியே இல்லை. பிரேக்கக்கா மாதம் தவறாமல் போய்வருகிறாள்.

வலி அடியோடு விடவில்லை. எப்போதாவது வரும். வந்தால் வகுப்பை நிறுத்தி, "எனக்கு மைக்ரேன் வருது, இன்னிக்கு இவ்வளவுதான்," என்று நேராகச் சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறாள். அப்போதெல்லாம் முதலாளியே வந்து காரை எடுத்துப்போகிறார்.

மருந்துக்கடையம்மா டெஸ்ட்டில் மறுபடியும் தோற்றாள். "உங்க கிளட்சுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா," என்று பிரேக்கக்கா சொல்லிப் பார்த்துவிட்டாள். அந்த அம்மா கேட்கிறமாதிரி இல்லை. நாளைக்குக் காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.