இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க

எங்கள் கடையில் டிவி விற்றவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவர் பின்னாடி அண்ணன். மேனேஜரே மைக்கில், "பின்னாடி, கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றுதான் அழைப்பார். கடைக்குப் புதிதாக வந்தவர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

நான் அங்கே சேர்ந்தது பட்டம் வாங்கிய கையோடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். டை கட்டிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, அன்றும் கிடையாது. அதனாலேயே கடையில் எனக்குப் 'பட்டதாரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கடை என்றால் ஏதோ தெருமுனைக் கடை இல்லை. பல ஊர்களில் கிளை வைத்திருந்த கம்பெனி. சினிமாத் தியேட்டர் அளவுக்கு ஒரே ஹால். ஒரு பக்கச் சுவர் முழுக்க டிவிகள். அத்தனையிலும் ஒரே படம் ஓடும்: ஆரஞ்சு நிற மீன் ஒன்று வலமிருந்து இடம் போகும், பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் மெதுவாக விழும், மறுபடியும் மீன். அந்தச் சுவருக்கு எதிரே முதலில் மேஜை ஃபேன் அடுக்கு, அடுத்து மைக்ரோவேவ் வைத்த நீள மேஜை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஃப்ரிட்ஜ் வரிசை. என் லேப்டாப் மேஜை ஓரமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அண்ணன் தொழில் செய்வது முழுசாகத் தெரியும்.

டிவி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. டிவிக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் போய் நிற்பார்கள். அண்ணன் அவர்களை அங்கே நிற்க விடமாட்டார்.

"உங்க வீட்டு ஹால் எவ்வளவு பெருசுங்க?"

"அது இருக்கும்ங்க, நல்லாத்தான் இருக்கும்."

"சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல எத்தனை பேர் வரிசையாப் படுக்கலாம்?"

இதற்கு மட்டும் எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்கும். உறவுக்காரர்கள் வந்து தங்கிய ராத்திரியை நினைத்துப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, "ரெண்டு பேர். மூணாவது ஆளு ஒண்டிக்கிட்டுப் படுக்கணும்" என்பார்கள். இரண்டு பேர் என்றால் ஃபேன் அடுக்கு. மூன்று, நான்கு என்றால் மைக்ரோவேவ் மேஜை. கல்யாணக் கூட்டமே படுக்கலாம் என்றால் ஃப்ரிட்ஜ். அண்ணன் அவர்களைப் பார்த்தபடியே, கையால் அழைத்துக்கொண்டே, பின்பக்கமாக நடப்பார். "பின்னாடி வாங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, நான் இருக்கேன்." அவர் திரும்பியே பார்க்கமாட்டார். மேஜை விளிம்பு இடுப்பில் இடித்ததும் நின்றுவிடுவார். "ம். இதான் உங்க சோபா. இப்பப் பாருங்க."

அந்த இடத்திலிருந்து பார்த்து எந்த டிவி கண்ணுக்குப் பதமாக இருக்கிறதோ, அதைத்தான் கொடுப்பார். பெரும்பாலும் அது அவர்கள் வாங்க வந்ததைவிடச் சின்னதாக இருக்கும். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

அண்ணனுக்கு நேர் எதிர், 'கண்ணாடி' என்று நாங்கள் அழைத்த இன்னொரு விற்பனையாளர். கடைக்குள்ளும் கூலிங்கிளாஸைச் சட்டையில் மாட்டிக்கொண்டு திரிவார். யார் வந்தாலும் பெரியதைக் காட்டுவார். "வீடு வளரும்ங்க, டிவி வளராது" என்பது அவருடைய வசனம். ஆனால் அவராலும் விற்க முடியாத ஒன்று சுவரின் நடுவில் இருந்தது. கடையிலேயே பெரிய டிவி. யானை என்று பெயர். வருகிற குழந்தைகள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது. குடும்பம் குடும்பமாக நல்ல துணி உடுத்திக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் ஏசிக் காற்றுக்குத்தான் வருவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். கிரிக்கெட் நடக்கிற நாளில் மீன் படத்தை நிறுத்திவிட்டு ஆட்டத்தைப் போடுவோம். ஒரே பேட்ஸ்மேன் நாற்பது திரைகளில் அவுட் ஆவான். ஹாலே 'ச்சே' என்று சொல்லும். கதவைத் திறந்ததும் வருகிற தெர்மகோல் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் என் முதல் சம்பளத்தோடு சேர்ந்தே நினைவில் இருக்கின்றன.

கடை ஒரே நாளில் சாகவில்லை. முதலில், வருகிறவர்கள் விலைச் சீட்டைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணனோடு பின்னாடி நடந்து, அவர் காட்டிய டிவியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனில் வாங்குவார்கள். எங்கள் கண்ணாடிக் கதவு வழியாக எங்களுக்கே தெரியும். "கண்ணு இங்க, கை அங்க" என்று அண்ணன் சிரிப்பார். அப்புறம் பாதி விளக்குகளை அணைத்தார்கள். அப்புறம் ஏசியை மதியத்துக்கு மேல்தான் போட்டார்கள். அலமாரி காலியாகத் தெரியக் கூடாது என்று வெறும் அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கியது நான். பட்டம் வாங்கிய கை அல்லவா, நேராக அடுக்கினேன்.

ஒருநாள் வாசலில் துணி பேனர் கட்டினார்கள். கடை மூடப்படுகிறது, அனைத்தும் விற்பனைக்கு. அனைத்தும் என்றால் அனைத்தும்தான். அலமாரி, மேஜை, ஸ்டூல், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் விலை ஒட்டினார்கள். எனக்கு அதற்குள் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. அண்ணனுக்கு அப்படி இல்லை. அவர் இருபது வயதிலிருந்து டிவி மட்டும்தான் விற்றிருக்கிறார்.

கம்பெனி ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டுவைக்கப் போகிறது என்றும், எங்கள் டிவிப் பிரிவிலிருந்து ஒருவரை அங்கே எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். அண்ணன், இல்லையென்றால் கண்ணாடி. முடிவு செய்யப்போகிறவர் ஏரியா மேனேஜர். கடைசிச் சனிக்கிழமை அவரே வந்து பார்ப்பார்.

அன்று காலை அண்ணனைக் கொண்டுவந்து விட்ட அண்ணி, ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே சொன்னார்: "இங்க பாருங்க, இன்னிக்கு ஒருநாள் யாரையும் பின்னாடி கூட்டிட்டுப் போகாதீங்க. நிக்கற இடத்துலயே வித்துட்டு வாங்க."

"சரிம்மா."

"சரிம்மான்னு எங்கிட்ட சொல்லாதீங்க, உங்க காலுகிட்ட சொல்லுங்க. தம்பி, நீ பாத்துக்க."

நான் தலையாட்டினேன்.

ஏரியா மேனேஜர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டூலிலும் விலை ஒட்டியிருந்தது. கண்ணாடி மதியத்துக்குள் இரண்டு பெரிய டிவிகளைத் தள்ளிவிட்டார். அண்ணன் கையில் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு, மனைவியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் வாயைக் கட்டத்தான் பார்த்தார். மூன்று பேரும் டிவியில் மூக்கை வைத்ததும் முடியவில்லை.

"நடுவுல எத்தனை பேர் படுக்கலாம்?"

"மூணு பேர் தாராளமா. இவரு படுத்தா ரெண்டு பேர்தான்" என்றார் டிரைவரின் மனைவி.

"சரி, பின்னாடி வாங்க."

"ரிவர்ஸ்தானே? அது நமக்கு அத்துப்படி" என்று டிரைவர் உற்சாகமாகக் கிளம்பினார். "மாமி, நீங்க விசில் குடுங்க."

நால்வரும் பின்பக்கமாக நடந்தார்கள். அண்ணன் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் ஏதோ இடித்ததும் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அவர் மனதில் வைத்திருந்த நடுத்தர டிவி தபால்தலை மாதிரி இருந்தது. அண்ணனே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கும் அடுத்ததை. பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, முழு மனதோடு சொன்னார்: "உங்க ஹாலுக்கு யானைதாங்க சரி."

யானை விற்றுப்போனது. ஏரியா மேனேஜர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். "நீங்க சின்னதாத்தான் விப்பீங்கன்னு சொன்னாங்க. திங்கட்கிழமை ஆர்டர் வரும். அங்க வந்து சேருங்க." கண்ணாடி தன் கூலிங்கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஹாலைப் பெருக்கும்போது அண்ணன் துடைப்பத்தோடு ஓரிடத்தில் நின்றுவிட்டார். தரையில் நான்கு வெளிறிய சதுரங்கள். மைக்ரோவேவ் மேஜையின் கால்கள் அத்தனை வருஷம் ஊன்றியிருந்த இடம். மேஜையை முந்தின நாள்தான் ஒரு டியூஷன் வாத்தியார் வாங்கிப்போயிருந்தார்.

"பட்டதாரி, மதியம் நான் எங்கப்பா நின்னேன்?"

"ஃப்ரிட்ஜ்கிட்டண்ணே."

"ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க நின்னா அது சரியான இடம்னுதான் நெனச்சேன்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் படுக்கிற ஹாலுக்கு யானை.

அழைத்துப்போக வந்த அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார். நடுத்தர டிவி இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. போய்ச் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடலாம். மாற்றினால் விற்பனை கழியும். இடம் கண்ணாடிக்குப் போகும்.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினார். "அவங்களா கேட்டா பாத்துக்கலாமே."

"கேக்க மாட்டாங்கம்மா. என்னை நம்பிட்டாங்க. நம்ம கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சுப்பாங்க."

"இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல" என்று அண்ணி ஹெல்மெட்டை அவர் கையில் திணித்தார். மறுநாள் காலை ஸ்கூட்டர் சாவியையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கூட நானும் போனேன்.

டிரைவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஹாலில் சுவரே தெரியவில்லை. ஜன்னலில் பாதியையும் யானை மறைத்திருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டது. ஆள் ஒருவரும் இல்லை.

"யாரு? கடைக்காரரா?" உள்ளேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. "பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க."

மூன்று பேரும் சமையலறையில் இருந்தார்கள். நடுவிலிருந்த கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். இரண்டு நாற்காலியும் ஒரு முக்காலியும் அடுப்பை ஒட்டிப் போட்டிருந்தன. மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ஹால்ல உக்காந்து பாத்தோம், தலை சுத்திடுச்சு" என்றார் டிரைவர். "அப்புறம் நீங்க செஞ்ச மாதிரியே ரிவர்ஸ் எடுத்தேன். அடுப்பு மேடை இடுப்புல இடிச்சுது. நின்னு பாத்தா, அடடா."

அண்ணன் கைகட்டி நின்று நடந்ததைச் சொன்னார். மேஜை விற்றது, இடுப்பு ஏமாந்தது, எல்லாவற்றையும். "தப்பு என்னோடது. இன்னிக்கே மாத்திக் குடுத்துடறேன்."

டிரைவரின் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "மாத்தறதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் இங்க நிக்கறேன். இவங்க அங்க சிரிப்பாங்க. சத்தம் மட்டும் கேக்கும், எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாது. கேட்டா, அது போயிடுச்சும்பாரு. நேத்துதான் கூடவே சிரிச்சேன். அதைத் தூக்கிட்டுப் போவீங்களா நீங்க?"

"அவ குடுக்க மாட்டா" என்றார் மாமியார். "நீங்க நகருங்க தம்பி, மறைக்குது."

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. அண்ணன் அந்தக் கிளைக்குப் போனார். ஒரு வருஷம் முடிவதற்குள் அங்கேயும் துணி பேனர் கட்டிவிட்டார்கள். எங்கள் பழைய ஹாலில் இப்போது உடற்பயிற்சி நிலையம். மீன் ஓடிய சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. வருகிறவர்கள் அதற்கும் மூக்கை ஒட்டித்தான் நிற்கிறார்கள்.

அண்ணன் இப்போது, போனில் வாங்கிய டிவிகளை வீடுகளில் மாட்டிக் கொடுக்கிறார். அவர் போவதற்குள் பெட்டி வந்து இறங்கியிருக்கும். அநேகமாக ஹாலுக்குப் பெரியதாகவே இருக்கும். மாற்றச் சொல்ல வழியில்லை. அதனால் சுவரைத் தொடுவதற்கு முன் சோபாவை நகர்த்துகிறார். கட்டிலைத் திருப்புகிறார். சில வீடுகளில் சமையலறைக் கதவைக் கழற்றிக்கூட வைத்திருக்கிறார். அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை என்று அண்ணிக்குக் கோபம்.

போன மாதம் என் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு டிவி வாங்கினேன். போய் நின்று பார்த்து வாங்கக் கடை இல்லை, போனில்தான் வாங்கினேன். மாட்டுவதற்கு அண்ணனை வரவழைத்தேன்.

"நடுவுல எத்தனை பேர் படுக்கலாம்ப்பா?" என்றார் அப்பாவிடம்.

அப்பா எழுந்து வந்தார். துண்டை விரித்துத் தரையில் படுத்துக் காட்டினார். "ஒண்ணு. இந்தப் பக்கம் இவ. ரெண்டு. பட்டதாரி வந்தா மூணு."

"மூணா, சரி" என்று அண்ணன் பின்னால் நடக்கத் தயாரானார். ஆனால் இந்த முறை முதலில் தலையைத் திருப்பி, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அம்மாவின் தையல் மெஷின் இருந்தது.

"இது எங்கயும் போகாதில்லம்மா?"

"எங்க போகப்போகுது" என்றார் அம்மா.

அண்ணன் அதன்மேல் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு, டிவியைச் சுவரில் தூக்கிப் பிடிக்கும்படி என்னிடம் சொன்னார்.