அந்தக் கரையிலும் ஒரு தேர்

துரை வீட்டு ஆயாவாக ரங்கூனிலிருந்து இங்கிலாந்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலை, நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளின் கணவர் போன மீன்படகு புயலில் சிக்கிவிட்டது. அங்கே மீட்புப் படகைக் கடலில் இறக்கக் கயிறு இழுப்பது ஊர்ப் பெண்கள்தான். அன்று அது மணலில் புதைந்து அசையவில்லை.

ஊர் கூடினால்தானே தேர் நகரும்? இடுப்பிலிருந்த குழந்தையைத் துரைசானியிடமே கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

"உன்னால ஆகாதும்மா, தள்ளிக்கோ" என்றாள் ஒருத்தி.

"ஏலேலோ ஐலசா!" என்று குரல் கொடுத்தேன். அர்த்தம் தெரியாமலே அத்தனை பேரும் "ஐலசா" என்று இழுத்தார்கள். படகு இறங்கியது, அந்த மனிதர் உயிரோடு திரும்பினார்.

ரங்கூன் திரும்பியதும், "வெள்ளைக்காரன் ஊர்ல என்னக்கா பார்த்தே?" என்று அங்கே க்யிம்யிண்டைங் படித்துறையில் என் தோழி செல்லம்மா சீண்டினாள்.

"பார்க்க ஏதுடி நேரம்? கயிறு இழுத்தேன்!"

அந்தக் கயிறு கையிலிருந்த வரை நான் ஆயா இல்லை, அந்த ஊர்க்காரி.